பில்லியல்: ஆர்.எஸ்.புரத்துக் காதலர் செலவுப் பகிர்வு குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முதற்பகுதி

காதலர் இருவர் உணவகத்தில் உட்கார்ந்து எழும் தறுவாயில் மேசைமேல் வைக்கப்படும் சிறு காகிதத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி தமிழியல் ஆய்வில் இதுகாறும் உரிய இடத்தைப் பெறவில்லை. அகவாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுத்த தொல்காப்பியம், தலைவன் பொருள் தேடிப் பிரிந்து போவதைப் பேசுகிறதே அன்றி, தேடிய பொருளோடு திரும்பி வந்தவன் அதைத் தலைவியோடு எங்கே உட்கார்ந்து எவ்வாறு செலவழித்தான் என்பதைப் பேசவில்லை; பொருளதிகாரத்துக்கு உரை கண்ட இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இந்த இடைவெளியைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆகவே இக்கட்டுரை தேவைப்படுகிறது. (தேவைப்படாத கட்டுரை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கட்டுரை எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதித்ததில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.)

ஆய்வுக்களம் ஆர்.எஸ்.புரம். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த இப்பகுதியில், திவான் பகதூர் சாலை எனப்படும் டி.பி. ரோட்டிலும் டி.வி. சாமி சாலையிலும் கௌலி பிரவுன் சாலையிலும் காபிக் கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் கடை என உட்காரும் இடங்களுக்குக் குறைவில்லை என்பதால் இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ரேஸ்கோர்ஸும் சரவணம்பட்டியும் ஏன் விடுபட்டன என்று கேட்போருக்கு, ஆய்வாளரின் வண்டியில் பெட்ரோல் இல்லை என்பதே முறையியல் சார்ந்த விடை. ‘காதலர்’ என்னும் சொல் இங்கே, கல்யாணம் நிச்சயமாகாத, ஆனால் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் கேளாமலே எடுத்துண்ணும் உரிமை பெற்றுவிட்ட இருவரைக் குறிக்கும். நிச்சயமானவர்கள் ஆய்வுக்கு வெளியே நிற்பர். அவர்களுடைய பில்லை அதற்குள் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்திருப்பர்.

முதன்மைச் சான்றுகள் பில்களே. இக்காலப் பில்கள் சூடு பட்டால் கறுக்கும் பூச்சுக் காகிதத்தில் அச்சாவதால் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடுகின்றன; ஏட்டை அரிக்கச் செல்லுக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன, பில்லை அழிக்க வண்டியின் டேங்க் கவரில் வைத்த ஒரு சித்திரை போதும். ஆகவே கிடைத்த படிகளை உடனுக்குடன் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று.

பகிர்வு முறைகள் ஐந்து. முதலாவது, ஆண் முழுவதும் கொடுப்பது: பெண்ணின் கைக்குச் சம்பளம் என்று ஒன்று வராத காலத்தில் பிறந்த இம்முறை, வந்த பின்னும் பழக்கத்தால் நிற்கிறது. இரண்டாவது, பெண் முழுவதும் கொடுப்பது: அவன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பாதிக்குப் பாதி. நான்காவது உண்டவர் உண்டதற்கு. ஐந்தாவது முறை வைத்தல். வருமான விகிதப்படி பிரிப்பதை ஆறாவதாகச் சேர்ப்பாரும் உளர். அதற்கு இருவரும் சம்பளச் சீட்டைக் காட்டியாக வேண்டும் என்பதால் தொகை ஐந்தாகவே நிற்கிறது.

பாதிக்குப் பாதி என்னும் முறைக்குத் தூய எடுத்துக்காட்டு பில்லின் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. உணவகத்துக்குரிய 5 சதவீத ஜிஎஸ்டி, மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என இரண்டு வரிகளில் பிரிந்து நிற்கும். மற்றெல்லா விஷயத்திலும் முகங்கொடுத்துப் பேசாத இவ்விரு தரப்பாரும் இந்த ஒரு காகிதத்தில் மட்டும் பைசா பிசகாமல் ஆளுக்குப் பாதியாக ஒற்றுமை காக்கின்றனர். காதலர் இதைப் பின்பற்றலாமே எனின், அவர்கள் பாதி வாங்குகிறார்கள், காதலரோ பாதி கொடுக்க வேண்டியிருக்கிறது என்னும் நுண்ணிய வேறுபாடு குறுக்கே நிற்கிறது.

உண்டவர் உண்டதற்கு என்பது நெய் ரோஸ்ட்டுக்குப் பொருந்தும், கோவையின் தள்ளுவண்டிக் காளானுக்குப் பொருந்தாது. காளான் என்ற பெயரில், முட்டைக்கோஸ் பெரும்பான்மையும் காளான் சிறுபான்மையுமாக மசாலாவில் குழைந்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவப்பெற்று, ஒரே தட்டில் இரண்டு ஸ்பூனோடு வரும் இப்பண்டத்தில், ஒருவர் ஸ்பூனுக்குக் காளானும் மற்றவர் ஸ்பூனுக்குக் கோஸுமாக அகப்படுமாயின் இருவரும் ஒரே தொகை கொடுப்பது அறமாகுமா? பத்துப்பாட்டு உரையில் எங்கோ கிடக்கும் சொல்லைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய்ப் பொருத்திய நச்சினார்க்கினியரின் முறையைக் கையாண்டு, அவள் ஸ்பூனில் ஏறிய காளானை அவன் கணக்கிலும் அவன் விட்டுவைத்த கோஸை அவள் கணக்கிலும் கொண்டுகூட்டலாம் என்பர் ஒரு சாரார். அப்படிக் கூட்டி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது என்பர் மற்றொரு சாரார். இவர்கள் கூற்றே வலியது.

இதனோடு தொடர்புடையது பன்–கிரீம் சிக்கல். 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில் அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், அதனால் வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள் என்று சொன்னது நாடறிந்த செய்தி. அதற்குப் பின் நடந்ததும் நாடறிந்ததே. பில்லியலார் இதிலிருந்து எழுப்பும் வினா வேறு: அவன் பன்னும் அவள் கிரீமுமாக வாங்கி மேசையில் ஒன்று சேர்த்தால், சேர்ந்த கணத்தில் பிறக்கும் வரிப்பொறுப்பு பன்னைச் சாருமா, கிரீமைச் சாருமா, அல்லது சேர்த்துவைத்த காதலைச் சாருமா? 2025 செப்டம்பரில் வரிவிகிதங்கள் மாறிய பின்னும் இவ்வினா விடையின்றியே கிடக்கிறது.

போக்குவரத்துச் செலவு ஒரு பத்திக்கு மேல் தாங்காது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே அவள் காந்திபார்க் நிறுத்தத்தில் செலவின்றி வந்திறங்க, அவன் பீளமேட்டிலிருந்து பெட்ரோல் எரித்து வருகிறான். அவன் வண்டியிலேயே அவளையும் ஏற்றிவந்தால் அரசு அவளுக்கு அளித்த சலுகையை அவள் துறக்கிறாள் என்பதால், அந்தத் துறவை அவள் பங்களிப்பாக வரவு வைக்க வேண்டும் என்று ஒரு படியில் காணப்படுகிறது (ஜன்னலோர மேசைப் படி, பின்புறம், காபிக் கறைக்குக் கீழே).

இனி ஐந்தாவதான முறை வைத்தல். கொங்கு நாட்டாருக்கு இது புதிதன்று; பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டை நான்கு மண்டலமாக வகுத்து, ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விடும்போது மற்றவை காத்திருக்கும்படி முறை வைத்திருப்பதை அறிந்த மண்ணில், இந்த வாரம் அவன், அடுத்த வாரம் அவள் என்பது இயல்பாகவே வேர்விடும். கடைமடைக்காரன் குறைசொல்வது போலவே இங்கும் ஒரு தரப்புக்குத் தன் முறை மட்டும் அடிக்கடி வருவதாகத் தோன்றும். இம்முறையை நிலைநிறுத்தும் வாய்பாடு, களத்தில் பெரும்பாலும் மாற்றமின்றிப் பின்வருமாறு ஒலிக்கிறது: “இருங்க, நான் குடுத்தர்றேன்.” “அட, இருக்கட்டுங்க.” “இல்லீங்க, போன தடவையும் நீங்கதான் குடுத்தீங்க.” “செரி விடுங்க, அடுத்த தடவை நீங்க குடுங்க.” “ம்ம்.”

இவ்வாய்பாட்டின் நான்காம் கூற்றே பில்லியலின் மையம். ‘அடுத்த தடவை’ என்பது அடுத்த சந்திப்பா, அதே கடைக்கு அடுத்த வருகையா, அல்லது அதே அளவு தொகை வரும் அடுத்த பில்லா என்பதில் மூன்று கொள்கைகள் உள்ளன. முதற்கொள்கையை ஏற்றால், இன்று இரண்டு காபிக்குக் கொடுத்தவர் நாளை மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டையும் பாப்கார்னையும் மற்றவர் தலையில் முறைப்படி ஏற்றலாம். பாப்கார்னின் விலை தெரிந்தவர்கள் இக்கொள்கையை மனமறிந்து ஏற்பதில்லை. இரண்டாவதை ஏற்றால், தன் முறை வரவிருக்கும் கடைக்கு மற்றவர் மறுபடி போகவே மாட்டார், டி.பி. ரோட்டில் புதுக்கடைகள் திறந்துகொண்டே இருப்பதற்கு இதுவே காரணம் என ஒரு கருத்து உண்டு (பார்சல் கவர்ப் படி, இரண்டாம் மடிப்பு, சாம்பார் பட்ட இடத்தில் ‘கடை’ என்பது ‘வடை’ எனவும் படிக்கக் கிடக்கிறது). மூன்றாவதை ஏற்றால் இருவரும் கணக்கு நோட்டு வைத்தாக வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள்; வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்வதும் அங்கே மரபு. காதலர் அவ்வாறு எழுதத் தொடங்கிய மறுநாள் காதலர் என்னும் வரையறைக்குள் நிற்பாரா என்பது ஐயம்.

சட்டம் உதவுமா என்று பார்க்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 25-இன்படி, கைம்மாறு இல்லாத உடன்பாடு செல்லாது; கைம்மாறு என்பது ஒரு வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு செய்வதோ தருவதோ ஆகும். அன்பின் பேரால் மட்டும் செய்த உடன்பாட்டுக்கு அதே பிரிவில் விலக்கு உண்டெனினும், அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், இருவரும் நெருங்கிய உறவினராகவும் இருக்க வேண்டும். காதலர் உறவினரல்லர், கொங்கு நாட்டில் முறைப்பெண்ணைக் காதலிப்போர் மட்டும் இவ்விலக்கின்கீழ் வரக்கூடும், அவர்களும் காபிக்காகப் பத்திரப்பதிவு அலுவலகம் போக வேண்டும். ஆனால் அடுத்த உட்பிரிவு வேறு கதவைத் திறக்கிறது: ஒருவர் தாமாக முன்வந்து ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்கு ஈடுசெய்வதாக மற்றவர் வாக்களித்தால் அது செல்லும். அவன் தானாகவே பில் கொடுத்துவிட்டான், அவள் வாக்களித்தாளா? ‘அடுத்த தடவை நீங்க குடுங்க’ என்றது அவன். அவள் சொன்னது ‘ம்ம்’. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. ‘ம்ம்’ நிபந்தனையற்றதா?

இவ்விடத்தில் பாடபேதங்கள் பெருகுகின்றன. பர்ஸ் உள்ளறைப் படியில் ‘ம்ம்’ என்றே உள்ளது. கைப்பைப் படியில் ‘ம்’ என ஒற்றை மெய். துவைத்த பேன்ட் பாக்கெட்டிலிருந்து உருண்டையாக எடுக்கப்பட்டு, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் விரிக்கப்பட்ட படியிலோ பில் முழுவதுமே கறுத்துப்போய் இவ்வடி மட்டுமன்றி எவ்வடியும் இல்லை (எனினும் அதையும் ஒப்புநோக்கியதாக இங்கே பதிவு செய்வது ஆய்வுலக வழக்கம்). ‘ம்ம்’ என்பதை உடன்பாடாகக் கொள்வாரும், ‘பார்க்கலாம்’ என்னும் பொருளில் கொள்வாரும், அவள் அப்போது போனில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள் எனக் கொள்வாரும் என உரைகாரர் மூவகையினர். இங்கிலாந்தில் 1919-இல் தீர்ப்பான பால்ஃபர் வழக்கில், மாதம் 30 பவுண்டு தருவதாகக் கணவர் சொன்ன வாக்கே ஒப்பந்தமாகாது, அது குடும்பத்துக்குள் நடக்கும் ஏற்பாடு என்று மேல்முறையீட்டு மன்றம் கூறிவிட்டது. கணவன் மனைவிக்கே அப்படியெனில் காதலரின் காபிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணவர் இலங்கை அரசின் நீர்ப்பாசன இயக்குநராக இருந்தவர் என்பதால் முறைப்பாசனக் கோட்பாட்டுக்கு இவ்வழக்கு தனி வலுச் சேர்ப்பதாகச் சிலர் கருதுவர். கருதட்டும்.

தொழில்நுட்பம் தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. 2016-இல் யுபிஐ வந்தபின், நேரில் கேட்கக் கூசுவோர் போனிலேயே பணம் கேட்டு ‘ரிக்வெஸ்ட்’ அனுப்பினர். மோசடிகளைக் காட்டி, தனிநபர் தனிநபரிடம் அவ்வாறு கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தச் செய்துவிட்டது. இனி வாயால்தான் கேட்க வேண்டும்.

ஒப்பாய்வுக்காக, செலவையும் பெயரையும் இருவர் பகிர்ந்துகொள்ளும் மற்றொரு துறையையும் நோக்கலாம். ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையில் நெறியாளரின் பெயரும் மாணவரின் பெயரும் சேர்ந்து அச்சாகும். எழுதியவர் மாணவர், வெளியீட்டுக் கட்டணத்தை ஜிபே செய்தவர் மாணவர், கருத்தரங்கச் சான்றிதழுக்குப் பணம் கட்டியவரும் மாணவர், முதற்பெயர் நெறியாளருடையது. அங்கே ‘இருங்க, நான் குடுத்தர்றேன்’ என்னும் முதற்கூற்றுகூட எழுந்ததாக எந்தப் படியிலும் இல்லை. ஆர்.எஸ்.புரத்துக் காதலர் ஆய்வுலகைவிட ஒருபடி முன்னேறியவர் என இதனால் பெறப்படும்.

பில்லில் ஏறாத செலவுகளும் உண்டு. அவள் விடுதிக் கதவடைக்கும் நேரத்துக்குள் திரும்ப ஆட்டோ பிடிப்பதும், வீட்டில் சொல்லும் பொய்யை ஒரு தோழியோடு முன்கூட்டியே ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், கல்லாவுக்கு எதிரே பெரியப்பா உட்கார்ந்திருக்கிறாரா என உள்ளே நுழையுமுன் எட்டிப் பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே தரப்பின் செலவு. பாதிக்குப் பாதி பேசுவோர் இவற்றைப் பாதியாக்கிக் காட்டியதில்லை. கொங்கு வட்டாரத்தில் சிலர் இச்செலவை உயிராலும் கட்டியிருப்பதால், இந்த ஒரு பத்தியில் மட்டும் கட்டுரை கேலியை நிறுத்திக்கொள்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி, ‘இவ்வளவு செய்தேனே’ என்று எதிர்பார்ப்பைக் கடனாக்குவது ஐந்து முறைகளில் எதிலும் சேராது. அதற்கு வட்டித் தொழில் என்று தனிப்பெயர் உண்டு.

இறுதியாக ஒரு கண்டுபிடிப்பு. எல்லாப் படிகளிலும் கண்ட பொதுக்கூறு ஒன்றே: சப்ளையருக்கு வைக்கும் டிப்ஸ் பில்லில் அச்சாவதில்லை, பில் கொடுத்தவர், மற்றவர் டிப்ஸாவது வைப்பார் என நினைக்க, மற்றவர் பில்லோடு அதுவும் போயிருக்கும் என நினைக்க, இரண்டு டம்ளர் தண்ணீரை மூன்று முறை நிரப்பி, ஐந்து கூற்று வாய்பாடு முடியும்வரை சோம்புத் தட்டோடு காத்து நின்றவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பில்லை இன்னும் ஒரு நூற்றாண்டு விவாதித்துக்கொள்ளலாம். டிப்ஸை மட்டும் யாராவது ஒருவர் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.