முற்றத்து நீர்நிலை: தோற்றமும் வளர்ச்சியும் ஒழுகலும்

வீட்டுத் தோட்டத்தில் நீர்நிலை அமைப்பது பற்றித் தமிழில் இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை என்று தொடங்குவது மரபு. வெளிவந்திருக்கிறதா என்று நான் தேடவில்லை, தேடாமலிருப்பதும் மரபே.

ஆய்வுப் பரப்பு: தென்சென்னையில் ஒரு வீட்டின் போர்டிகோவுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே 12 அடி நீளம், 8 அடி அகலம். அதில் ஒரு முருங்கை, மூன்று செம்பருத்தி, ஒரு ஸ்கூட்டர். முதன்மை மூலம்: ரோட்டோரம் வாங்கிய சிமென்ட் தொட்டி ஒன்று. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். துணைமை மூலங்கள்: 18 வாட் மோட்டார், வாயால் நீர் உமிழும் பீங்கான் தவளை. கருதுகோள்: நீர் சலசலத்தால் மனம் அமைதியுறும்.

1.0 பெயரியல்

இப்பொருளை என்னவென்று அழைப்பது? ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, பொய்கை, சுனை, வாவி, கேணி, கூவல் என்று நம்மிடம் நீருக்குத்தான் பஞ்சம். நீர்நிலைப் பெயருக்கு இல்லை. காக்கை குளிப்பதால் இது குளம் என்பது ஒரு சாரார் கருத்து (என் மகன், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில்). தெருநாய் வந்து குடிப்பதால் ஊருணி என்பர் வேறு சிலர். கண்மாய் என்றால் மடை வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள விரிசலை மடையாகக் கொள்ளலாமா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது. நான் முன்மொழிவது 'இலஞ்சி'. இச்சொல்லுக்குச் சரியான பொருள் என் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆகவே யாராலும் மறுக்க முடியாது. நம் கலைச்சொற்களில் பாதி இப்படித்தான் நிலைபெற்றன. அது குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள ஊரின் பெயராயிற்றே என்று மாடியில் குடியிருக்கும் தென்காசிக்காரர் மறுத்தார். அவருக்கு அடிக்குறிப்பில் பதில் சொல்லிவிட்டேன். அடிக்குறிப்பை அவருக்குக் காட்டவில்லை.

2.0 வரலாறு

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்பார்கள். இலங்கையில் சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. அவற்றுக்கு மோட்டார் இல்லை. உயரத்திலிருந்து இறங்கும் நீரும் துளையிட்ட கற்பலகையுமே உண்டு. என் தவளைக்கு 6 மாத வாரண்டி. இம்மூன்றையும் அடுத்து நான்காவதாக என் தொட்டியை வைத்து எண்ணுவது வரலாற்று நேர்மையாகாது என்றாலும், ஆய்வேட்டில் இரண்டாம் இயலை நிரப்பியாக வேண்டும்.

3.0 திசையியல்

நீர் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும் என்கிறது வாஸ்து; அங்கே செப்டிக் டேங்க் இருக்கிறது.

4.0 ஒலியியல்

இதுவே ஆய்வின் உயிர்நாடி. ஜப்பானியத் தோட்டங்களில் ஒரு மூங்கில் குழாய் இருக்கும். நீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிட்டு, திரும்பும்போது கல்லில் 'டக்' என்று தட்டும். பயிரை மேயவரும் விலங்குகளை விரட்டச் செய்தது. காதுக்கு இதமாக இருக்கவே தோட்டத்துக்குள் வந்தது. சென்னையில் நீரொலி வந்த வழி நேர் எதிரானது. இதமாக இருக்கும் என்று வைத்தோம். அது மனிதரை விரட்டியது. களப்பணிக் குறிப்புகள் வருமாறு:

இரவு 9.40. மோட்டார் போடப்பட்டது. தவளை உமிழ்ந்தது.

9.41. "யாருப்பா கொழாயைத் தெறந்து போட்டது?" (தாயார், வாய்மொழி, கூடம்).

9.43. "டேங்க் வழியுதுங்க, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!" (துணைவியார், அடுக்களைப் பதிப்பு). அணைத்தேன். ஆனால் அது கிணற்று மோட்டார். தவளை தொடர்ந்து உமிழ்ந்தது.

9.50. தென்காசிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவந்தார். எங்கேயோ பைப் உடைந்திருக்கிறது என்பது அவர் துணிபு. டார்ச்சுடன் வீட்டை இருமுறை வலம் வந்தார்.

10.05. எதிர்வீட்டு அக்கா, இரு பிளாஸ்டிக் குடங்களுடன்: "உங்களுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் வருதா?" அவருக்குப் பின்னால் மேலும் மூவர். ஈண்டு குடங்களின் நிறம் நோக்கற்பாலது: பச்சை இரண்டு, நீலம் நான்கு, நிறம் வெளிறிப்போனது ஒன்று.

10.20. "தண்ணியை இப்படியா விடுவாக?" (தாயார், மேலது, இரண்டாம் பதிப்பு, குரல் உயர்த்தித் திருத்தியது, முன்னுரை: 'இந்த வீட்ல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல', அணிந்துரை: துணைவியார், வாழ்த்துரை: எதிர்வீட்டு அக்கா).

   

நிற்க. இவ்வொலி இத்தெருவினரை ஏன் இப்படி ஆட்டுகிறது? 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து இறங்கியது. எங்கள் தெருவில் லாரிக்கு டோக்கன் போட்டோம். ரயிலில் தண்ணீர் வந்த ஊரில் ஓர் இனிய சலசலப்பைக் கேட்டால் கை தானாகக் குழாயைத் தேடும்.

என் தாயாருக்கு இந்நோய் அதற்கும் பழையது. இராமநாதபுரம் சீமையில், ஊருணியிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவர். இரவு 2 மணிக்கு வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே மூடியிருந்த வாசல் குழாயை இன்னும் இறுக்கிவிட்டு, தொட்டிக்கு முன் நின்றுகொண்டிருந்தார். தவளையின் வாய்க்குக் கீழே இரு கைகளையும் குவித்து ஏந்தியிருந்தார். கை நிறைந்தது, வழிந்தது, மறுபடி நிறைந்தது. புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

"வீணாகலைம்மா. இதே தண்ணிதான் திரும்பத் திரும்ப வருது" என்று விளக்கினேன்.

"அப்பறம் எதுக்குப்பா விழுகுது?"

மேற்கோளிட இவ்வினாவுக்கு விடை சொன்ன நூல் ஒன்றும் கிட்டவில்லை. அவரே சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

5.0 மின்னியல்

18 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 26 யூனிட். அரசு அப்போது தந்த 100 இலவச யூனிட்டில் கால்பங்கைத் தவளை குடித்திருக்கும். மேற்படி 4.0இன் விளைவாக அது நிகழவில்லை.

6.0 உயிரியல்

அணைத்த மோட்டாரை அதன்பின் யாரும் போடவில்லை. நீர் அசையாமல் தெளிந்து நின்றது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அந்நாள்களில் நான் 1.0 பெயரியலைத் திருத்திக்கொண்டிருந்தேன். புழுவைத் தின்ன ஆறு கப்பி மீன் வாங்கி விட்டோம். மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்ற நெடுங்கால வினாவுக்கு இவ்வாய்வு விடை கண்டது: கப்பி இருக்கும் பக்கம்.

7.0 மேலாய்வு

வியாழக்கிழமை காலை கொசு ஒழிப்புக்கு வரும் அம்மா வந்தார். டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்தார். நீரின் மேல்மட்டத்தில் மெல்லிய பழுப்பு நூல்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் சுருண்டு சுருண்டு அடிக்கு இறங்கின.

"புழு இருக்கு சார். கவுத்துடுங்க. கவுத்தா மட்டும் பத்தாது, ஓரத்தைச் சுத்தித் தேங்கா நார் போட்டுத் தேய்க்கணும். முட்டை அங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது. அடுத்த தடவ தண்ணி ஊத்துனீங்கன்னா பொரிச்சிடும்."

என் பெயரியலிலும் ஒலியியலிலும் இல்லாத செய்தி. தென்காசிக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துச் சாய்த்தோம். 200 லிட்டரும் செம்பருத்திக்கே போகும்படி என் தாயார் மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்துவிட்டார். நான் தேய்க்க உட்கார்ந்தேன். அந்த அம்மா நோட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டார்:

"என்னன்னு எழுதிக்கட்டும் சார்?"

"இலஞ்சி" என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இனிஷியல்?" என்றார்.