பெட்டியோட போன கணக்கு

அப்பு, நீ அமெரிக்காவுல படிச்ச பல்கலைக்கழகம் ஓம் பேரு, பொறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணு எல்லாத்தையும் திருட்டுக் குடுத்துட்டு, "வழக்கு சமரசமாயிருச்சு, நட்ட ஈடு வேணும்னா படிவம் போடுங்க"ன்னு மெயில் அனுப்பியிருக்காமே. ஓங்க அப்பத்தா சொன்னாக. நீயி அதை அழிக்கப் போறியாம். டாலர்ல சம்பளம் வாங்குற தொரை, சில்லறைக்குக் குனிய மாட்டீக!

நட்ட ஈட்டு மனு நம்ம ஊரு நெற்குப்பைக்குப் புதுசா என்ன? கீழ்ப் பர்மாவுல நெல்லு விளைஞ்ச நெலத்துல கால்வாசி ஒரு காலத்துல நம்ம செட்டிமாருக வசம் இருந்துச்சு. 1942-ல சப்பான்காரன் வரவும் விட்டுட்டு ஓடி வந்தாக. 1948-ல நெலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் வந்துச்சு. பத்திரம், பேரேடு, ஏக்கர்க் கணக்கு அத்தனையும் பத்திரமா இருந்துச்சு, பணந்தான் வந்தபாடில்லை. அந்தப் பேரேடு வச்சிருந்த பர்மாத் தேக்குப் பெட்டியத்தான் இன்னிக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வெலை பேசுறாக. தாளு இருந்தும் தோத்தவுக பேரன் நீ. தாளே போடாம தோக்குறேங்கிறியே, அது புதுத் தினுசா இருக்கு.

இதே மாதிரி முன்ன வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துல நடந்த கூத்தைக் கேளு. பத்து லட்சம் பேருக்கு மேல உள்ள விவரத்தை ஒரு ஹார்டு டிஸ்க்குல ஏத்தி, அதை 85 பவுண்டு இரும்புப் பெட்டியில பூட்டி, ஒலிம்பியாவுல வாடகைக் கிடங்குல வச்சிருந்தாக. 2017 ஏப்ரல்ல களவாணி பூட்டை ஒடைக்கவே இல்லையே, பெட்டியவே தூக்கிட்டுப் போயிட்டான்! 85 பவுண்டுன்னா முப்பத்தெட்டரைக் கிலோ அப்பு. நம்ம வளவுல இருக்குற இரும்புப் பெட்டியை வெள்ளையடிக்கக்கூட நகட்ட முடியலை. பெட்டி செய்யிறது எப்புடின்னு நம்மகிட்டக் கேட்டிருக்கலாம். 2019-ல 47 லட்சம் டாலர் வரைக்கும் குடுக்குறோம்னு ஒத்துக்கிட்டாக. அதுக்குள்ளதான் வக்கீல் கூலியும்.

அதுல எழுத்துல நட்டம் காட்டுனவுகளுக்கு ஆளுக்கு 5,000 டாலர் வரைக்கும்னு வச்சாக. எழுத்துலன்னா வங்கிக் கணக்குச் சீட்டு, ரசீது, கடிதம். "மனசு நொந்துச்சு"ன்னா ஒரு காசும் பேறாது. பில்லு இருந்தா ஒண்ணுவிடாம இணை. அலைஞ்ச நேரத்துக்கும் சில வழக்குல மணிக்கணக்குப் போட்டுத் தருவாக. ஓம் மெயில்ல அப்புடி இருக்கான்னு பாரு. இருந்தா உள்ளதை எழுது, ஒப்பாரி வைக்காத.

சும்மா வர்ற ரொக்கத்தை நம்பி வீடு கட்டக் கிளம்பிராத. அமெரிக்காவுல கடன் விவரம் சேத்து வைக்கிற ஈக்விஃபேக்ஸ்காரன் 2017-ல 14.7 கோடிப் பேரு விவரத்தைப் பறிகொடுத்தான்ல? ஆளுக்கு 125 டாலர்னு சொன்னதும் சனம் மொய்ச்சிருச்சு. அதுக்குன்னு ஒதுக்குனதோ 3.1 கோடி டாலர். நூறு எலைக்கு வடிச்ச பாயசத்தை ஆயிரம் எலைக்கு ஊத்துன கதைதான். ஆனா சும்மா இருந்தாலும் ஒனக்குத்தான் நட்டம்: படிவமும் போடாம, வெலகுறேன்னு எழுதியும் குடுக்காம இருந்தா காசும் கிடையாது, பின்னாடி தனியா வழக்குப் போடுற உரிமையும் போச்சு.

"இந்தியாவுல இதெல்லாம் உண்டா ஐயா?"ன்னு நக்கலாக் கேப்ப. உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவுல, விவரத்தை அசட்டையா வச்ச கம்பெனிகிட்ட நட்ட ஈடு கேக்கலாம். அந்தச் சட்டத்துல விசாரிக்கிறவரு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரு. வளைகுடாவுல வேலை பாத்த நம்ம தமிழர் ஒருத்தரு வங்கிக் கணக்குல பணத்தைப் பறிகொடுத்து அவருகிட்டப் போக, 2010-ல ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 12.85 லட்சம் குடுக்கணும்னு தீர்ப்பாச்சு. ஆனா 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுசா நடைமுறைக்கு வந்துட்டா 43ஏ இல்லாமப் போயிரும். புதுசுல அபராதம் 250 கோடி வரைக்கும் உண்டு, ஒனக்கில்லை, அரசாங்கக் கசானாவுக்கு! பொய்ப் புகாருன்னு தெரிஞ்சா ஓங்கிட்டயே 10,000 ரூவா வரைக்கும் வாங்குவாக. ஆடு காணாமப் போனவன் கிட்டயே தண்டம் கேக்குற நாட்டாமை!

அதனால அமெரிக்காக்காரன் குடுக்கும்போது வாங்கிக்க. மெயில்ல இருக்குற லிங்க்கைத் தொடாத. வழக்குப் பேரைத் தேடி நீயா உள்ள போ, ஒனக்குன்னு அனுப்புன எண்ணைப் போடு, கடைசித் தேதியைப் பாரு. படிவம் போடக் காசு கேட்டான்னா மூடிட்டு வந்துரு. அசல் ஆளு அதுக்குக் காசு கேக்கவே மாட்டான்.