வேலையைப் பிரிச்சு வை, மாப்ளே!

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. நடவுக்கு வர்ற பொம்பளையாளுங்க ஆம்பளைக்கு நிகரா கூலி கேக்குறாங்கன்னு காலையிலேர்ந்து பொருமிக்கிட்டு இருக்கியாமே, டீக்கடை வரைக்கும் சேதி வந்துடுச்சு. கேட்டா கேக்கட்டும். ஒத்தைக் காசு ஏத்தாதே. எப்படி ஏத்தாம தப்பிக்கிறதுன்னு மாமன் சொல்றேன், எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் பண்ணுன வித்தைதான்.

ஒரே வேலைக்கு ரெண்டு கூலின்னு மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிடாதே. 1976-லயே சம ஊதியச் சட்டம் போட்டாச்சு. அதுக்கும் முன்னாடி அரசியல் சாசனத்துல 39-ஆவது பிரிவுல எழுதி வச்சுட்டாங்க. அதனால வேலையைப் பிரி. வரப்பு வெட்டுறது ஆம்பளை வேலை. நடவும் களையும் பொம்பளை வேலை. வேலையே வேறன்னு ஆயிட்டா, எந்த ஆபீசர் வந்து எதை எதோட ஒப்பிடுவாரு?

யாராவது குறுக்க கேட்டா, வரப்பு வெட்ட பலம் வேணும்னு சொல்லு. சொல்றப்ப வயல் பக்கம் மட்டும் திரும்பாதே. அங்க ஒருத்தி விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்சபடியே பின்னால நகர்ந்துகிட்டு இருக்கா. இடது கையில நாத்து முடி. வலது கை ரெண்டு மூணு நாத்தைப் பிரிச்சு, கட்டை விரலால சேத்துல அழுத்திட்டு அடுத்ததுக்குப் போயிடுது. ஆழமாப் போனா தூர் கட்டாது, மேலாக்க வச்சா தண்ணி பாய்ஞ்சதும் மிதந்துடும். கால் விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண். வரப்பு வெட்டுனவன் மதியமே மம்பட்டியைக் கழுவித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். பலம் யாருகிட்ட இருக்குன்னு எனக்குச் சரியாத் தெரியல மாப்ளே, கண்ணுல புரை.

போன வருஷம் நடவு மெஷினை வாடகைக்கு எடுத்தியே, அப்பதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. மெஷின்ல உக்காந்து ஓட்டுனது ஒரு பையன். நடவு பொம்பளை வேலையாச்சேன்னு அவன்கிட்ட அரைக்கூலியை நீட்டுனியா? டிரைவர் தம்பின்னு கறிச்சோறு போட்டுல்ல அனுப்புன! குனிஞ்சு நட்டா பொம்பளை வேலை, உக்காந்து நட்டா டெக்னிக்கல் வேலை. இது வெளிய தெரியாமப் பாத்துக்க.

கட்டுப்படியாகலன்னு ஒரு மந்திரம் வச்சிருக்கியே, அதை வயலோட நிறுத்திக்க. பம்பாய்ல மெக்கின்னன் மெக்கன்ஸின்னு ஒரு கப்பல் கம்பெனி. அங்க வேலை பாத்த ஆட்ரி டி கோஸ்டாங்கிற ஸ்டெனோ அம்மா, ஆம்பளை ஸ்டெனோவுக்கு மட்டும் ஏன் கூடுதல் சம்பளம்னு கேஸ் போட்டுச்சு. கம்பெனியும் நம்ம வித்தையைத்தான் காட்டுச்சு. பெரிய அதிகாரிங்களுக்குப் பொம்பளை ஸ்டெனோவை மட்டும் வச்சுக்கிட்டு, இவங்க தனி ரகம்னு சொல்லிப் பாத்துச்சு. கையில காசில்லன்னும் அழுதுச்சு. ரெண்டும் எடுபடல. கொடுக்க வசதி இருக்கா இல்லையாங்கிறது பேச்சே இல்லன்னு 1987-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. நல்லவேளை, நடவுக்கு ஆள் கூட்டிட்டு வர்ற நம்ம செட்டுக்காரம்மா பேப்பர் படிக்கிறதில்ல. அது மக படிக்குதாம், அதுதான் கொஞ்சம் இடிக்குது.

2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டம்தான் இவங்களைக் கெடுத்துச்சுன்னு நீ சொல்றது சரிதான். ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே கூலின்னு பேங்க்ல போட்டுப் பழக்கிட்டாங்க. நம்ம மாநிலத்துல அந்த வேலை நாள்ல நூத்துக்கு எண்பதுக்கு மேல பொம்பளைங்க பாத்ததுதான். ருசி கண்டுட்டாங்க. ஜவுளிக்கடைக்காரன் பாடு இன்னும் மோசம்: நாளெல்லாம் நின்னுகிட்டே சேலை விரிக்கிற புள்ளைங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு 2021-ல சட்டசபையில சட்டமே போட்டாங்க. வயலுக்கு யாரும் ஸ்டூல் கேக்கல பாரு, அது உன் யோகம்.

சரி, நாளைக்கு என்ன பண்ணப்போற? பக்கத்து ஊர்ல ஒருத்தன் ஆம்பளைக் கூலியே தர்றேன்னு செட்டுக்காரம்மாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டானாம். உன் நாத்துக்கு முப்பது நாள் ஆச்சு, இன்னும் ஒரு வாரம் போனா முத்திடும். மெஷினைக் கூப்பிடலாம்னா அதுக்குப் பாய் நாத்தங்கால்ல விட்ட இளநாத்துல்ல வேணும்? பேசாம அந்த வரப்பு வெட்டுன பலசாலிகளையே கூப்பிட்டு நடச்சொல்லு. கூப்பிடுறப்ப ஆம்பளைக் கூலியை எண்ணி எடுத்து வச்சுக்க. அப்புறம் அவனுங்க நட்டதை மறுபடி நட ஆள் தேடணும், அதுக்கும் கொஞ்சம் தனியா எடுத்து வை.