இருபதும் அறுபதும்

பறவை பார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் 20–60×80 என்று பொறித்திருந்தால், முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கத்தின் எல்லைகள். 80 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். வாங்குபவர் கண்ணில் படுவது 60 மட்டும்.

சில ஸ்கோப்புகளுடன் கையகல மேசை முக்காலி ஒன்று இலவசமாக வரும். தரையில் குப்புறப் படுக்கத் தயாரானவருக்கு அது உதவும். மற்றவர்கள் கனமான முக்காலி வாங்கி, கால்களை நன்கு அகட்டி, நடுத்தண்டை உயர்த்தாமல் பொருத்த வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் கண்வளையத்தை உள்ளே திருகிக்கொள்வது நல்லது.

தேடுவது எப்போதும் 20 மடங்கில். காட்சிப் பரப்பு அங்கேதான் அகலம். பறவையை நடுவில் நிறுத்தி, ஃபோகஸ் செய்து, பிறகே பெருக்கத்தை ஏற்ற வேண்டும். ஏற்றியபின் ஃபோகஸை மீண்டும் சற்றுத் தொட வேண்டியிருக்கும். நடைமுறையில், எடுத்த எடுப்பில் 60-க்குத் திருகிவிட்டு, கோடியக்கரையில் இருந்த பூநாரைகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்பதே வழக்கம்.

60 மடங்கில் பறவை மட்டும் பெரிதாவதில்லை. முக்காலியின் நடுக்கமும் கூடவே பெரிதாகும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையோ 4 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 1.3-ஆகச் சுருங்க, காட்சி மங்கும். வெயில் ஏறி உப்பளத்தில் கானல் நெளியத் தொடங்கினால், தெரிவது உள்ளானா மண்கட்டியா என்பது பார்ப்பவரின் பட்டியலில் எது குறைகிறது என்பதைப் பொறுத்தது. அந்நேரத்தில் 30-ஐத் தாண்டாதவர்களுக்கே இறகின் நிறம் தெரியும். தாண்டியவர்கள் ஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.