ஜாதிக்கோழி ஜுரம்

1835இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சேவற்கட்டுக்குத் தடை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் சேவலை அக்குளில் இடுக்கியே பழகிய கை சும்மா இருக்குமா? மோதவிடக் கூடாது என்றுதானே சட்டம் சொல்கிறது, சிங்காரித்து உட்கார வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! முள் கட்டிய காலுக்குச் சோப்புப் போட்டார்கள். 1845இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கோழிக் கண்காட்சியே நடந்துவிட்டது.

இதற்குள் விக்டோரியா மகாராணிக்குக் கிழக்குக் கடல் பக்கமிருந்து சில கோழிகள் பரிசாக வந்திருந்தன. பெயர் ‘கொச்சின் சீனா’. நம் கொச்சி அல்ல. தென் வியட்நாமுக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயர் அது. பின்னால் ஷாங்காயிலிருந்து வந்திறங்கிய பெருங்கோழிகளுக்கும் அதே பெயரை ஒட்டினார்கள். ஊர் எதுவானால் என்ன, ராணி வீட்டுச் சாயல் வேண்டுமல்லவா? 1850இல் பர்மிங்காம் கண்காட்சியில் அவற்றைப் பார்த்த கூட்டம் சொக்கிப்போனது. தலையணைக்கு உயிர் வந்ததுபோல் உடம்பு. பாதம்வரை இறகு, அதாவது பாவாடை கட்டிய கோழி. அதுவரை முட்டை எத்தனை போடும் என்று கேட்டவர்கள், அன்று முதல் பூர்வீகம் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜுரம் அதற்கு முன்பே அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. 1849 நவம்பரில் பாஸ்டன் பொதுப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகள்; பார்க்க வந்தவர்கள் பத்தாயிரம் பேர். பேச எழுந்த பெரிய மனிதர்களின் குரலைச் சேவல்கள் கூவியே அமுக்கின என்று கதை. மேடைப் பேச்சுக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடைக்காது.

இந்தத் திருவிழாவை முன்னின்று கூட்டியவர் டாக்டர் ஜான் பென்னட். சுவாரசியமான முன்கதை உள்ளவர்: மருத்துவப் பட்டங்களை விலைக்கு விற்றவர், தக்காளியைச் சர்வரோக நிவாரணியாகக் கொண்டாடியவர், மார்மன் என்ற மதப்பிரிவினரின் நாவூ நகருக்கு மேயராகி அங்கிருந்தும் துரத்தப்பட்டவர். மனிதருக்குப் பட்டம் விற்றவர் கோழிக்குக் கோத்திரம் வழங்கத் தொடங்கினார். தொழில் ஒன்றுதான், வாடிக்கையாளர் மாறினார்.

அவருக்குப் போட்டி ஜார்ஜ் பர்ன்ஹாம். இருவருக்கும் சாம்பல் நிறக் கோழி ஒன்றின் மேல் பாகப்பிரிவினைச் சண்டை. ‘சாம்பல் ஷாங்காய்’ என்றார் பர்ன்ஹாம். எதிர்முகாமோ பிரம்மபுத்திரா என்றது. ஆற்றின் பெயர் கோழிக்கு வந்தது. புத்திரன் உதிர்ந்து வெறும் பிரம்மாவே நின்றது. நம் ஊரில் சேவல் முருகனுக்குக் கொடி; அமெரிக்காவிலோ சேவலே பிரம்மா! பர்ன்ஹாம் சும்மா இருப்பாரா? 1852இல் ஒன்பது கோழிகளை மகாராணிக்கே அனுப்பினார். பதிலுக்கு ராணியின் படம் வந்தது. அப்புறம் விலைக்கு ஏது கூரை? கல்லாப்பெட்டி நிறைந்து ஜுரம் இறங்கியதும், 1855இல் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைக் கேலி செய்து புத்தகமும் எழுதி விற்றார். கோழியை விற்றுக் காசு, வாங்கியவனைப் பார்த்துச் சிரித்தும் காசு!

1865இல் பிரிட்டனில் அச்சான விதிநூல் வந்தது: கொண்டைக்கு இத்தனை மதிப்பெண், இறகுக்கு இத்தனை என்று. கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாக ஜாதகம் பார்ப்பதில்லை. போட்டிக்கோழியைத் தொடுவதற்கும் முறை உண்டு. கூண்டிலிருந்து தலை முன்னால் வர எடுக்க வேண்டும். திரும்ப விடும்போதும் தலைதான் முன்னே. வாலை முன்னே இழுத்தால் கம்பியில் இறகு ஒடியும், பரிசு போகும். குளியலுக்கு மூன்று தொட்டி: ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல், வெள்ளைக்கோழியானால் மூன்றாவதில் வேட்டிக்குப் போடுவதுபோலச் சொட்டு நீலம். கால் செதில் அழுக்கைப் பல்குச்சியால் நோண்டி எடுப்பார்கள். கொண்டையில் எண்ணெய் மினுங்கும். நடுவர் குச்சியால் தொடும்போது மிரளாமல் நிற்க, வாரக்கணக்கில் கூண்டுப் பயிற்சி வேறு.

சரி, அந்தப் பிரம்மாவின் சுத்த ரத்தம்? தொடக்கத்தில் அதில் ஒற்றைக் கொண்டையும் உண்டு, மூன்று வரிசைப் பட்டாணிக் கொண்டையும் உண்டு. ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகள்தான். பின்னால் பெரியவர்கள் கூடி, பட்டாணிக் கொண்டை இருந்தால்தான் பிரம்மா என்று தீர்ப்பெழுதினார்கள். அன்றுவரை அசல் பிரம்மாவாகத் திரிந்த ஒற்றைக் கொண்டைச் சேவல், மறுநாள் சட்டிக்குத் தோதான சேவலாயிற்று.