கனடியக் குடியுரிமைச் சோதனையில் திருகோணமலைத் தாய்மாரின் பங்கு: ஓர் ஆய்வு

கனடியக் குடியுரிமைச் சோதனையில் 20 கேள்விகள். 15 சரியென்றால் சித்தி. 18 முதல் 54 வயது வரையுள்ளவர்களே எழுத வேண்டும். 55 ஆனவர்களுக்கு விலக்கு. விலக்குப் பெறக்கூடிய வயதினரே இப்பாடத்தில் துறைபோகியவர்களாக இருப்பது ஏன் என்பதை, திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்தை ஆய்வுக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பல்கலைக்கழகங்கள் இதைத் தொடாமல் விட்டதற்குச் சோம்பலன்றி வேறு காரணம் தெரியவில்லை.

ஆய்வு நேரம் காலை ஆறரை. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஸ்காபரோவில் வேலை முடிந்து சாப்பிட்ட மகன் இரவு ஒன்பதுக்கு வட்ஸ்அப்பில் வரும்போது, இங்கே அம்மா முற்றம் கூட்டி முடித்துப் பிளேன்ரீயோடு உட்கார்ந்திருப்பார். கைபேசி நெஸ்டமோல்ட் ரின்னில் சாய்ந்து நிற்கும். மடியில் சீ.ஆர். கொப்பி. சோதனை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான் என்பதால், கொப்பியில் உள்ளதெல்லாம் தமிழ் எழுத்தில் ஆங்கிலம். தமிழில் ஒரு சுற்று ஓடிய பிறகே அதற்குள் போவார்.

"1867இல சேர்ந்த முதல் நாலு மாகாணம் சொல்லுங்கோ மகன்."

"ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா... மனிற்றோபா?"

"மனிற்றோபா 1870. நியூ பிரன்சுவிக்! என்னத்தைப் படிச்சனீங்கள்?"

ஒட்டாவா 15ஐ ஏற்கிறது. அம்மாவோ ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலத்து அளவுகோலை இன்னும் கைவிடவில்லை. 20க்கு ஒன்று குறைந்தாலும் பெயில். பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் "நுனாவட் 1999" என்று எடுத்துக் கொடுப்பார். விதிப்படி இது கொப்பியடித்தல்.

ஹலிபாக்ஸ் ஆழமான, பனி உறையாத துறைமுகம் என்று அந்நாட்டு அரசின் கைநூல் பெருமைப்படுகிறது. அந்த இடம் வந்ததும் அம்மாவின் நடுநிலை போய்விடும். வீதிக்கு அப்பால் கிடப்பது உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று; ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டது. "உறையாதாம்! இஞ்ச எப்ப உறைஞ்சது?" இவ்வாதத்துக்கு ஸ்காபரோவிலிருந்து மறுப்பு வரவில்லை.

மனப்பாடத்துக்குக் குடியுரிமையா என்று சிரிப்பவர்கள் நம் நாட்டு 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அது மாகாணம் எதையும் கேட்கவில்லை. அதற்கு முன் இங்கே பிறந்தவரிடம், அப்பா இலங்கையில் பிறந்தவரா, இல்லையேல் அப்பப்பாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. பூட்டனைப் பாடமாக்க முடியாது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. மிச்சக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. அதோடு பார்த்தால் 20 கேள்வி மிக மரியாதையான ஏற்பாடு.

குளிர்காலத்தில் சோதனைக்கு ஆயத்தமாகிறவர்கள் கவனிக்க: நவம்பரில் ரொறன்ரோ மணிக்கூட்டைப் பின்தள்ளியதும் இடைவெளி பத்தரை மணியாகும். வழக்கம்போல ஒன்பதுக்கு எடுத்தால் இங்கே ஏழரை, அம்மா சந்தைக்குப் போயிருப்பார். எட்டுக்கே எடுங்கள்.