பால் பல் எறியும் முறை: அடுக்குமாடிவாசிகளுக்கு

பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போதே ஒரு பாட்டியைத் தயார் நிலையில் வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் கீழ் முன்பற்கள்தான் முதலில் ஆடும். ஆடத் தொடங்கிய நாளிலிருந்து விழும் நாள்வரை பிள்ளை சோறு, பாடம், தூக்கம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு நாக்கால் அதையே தள்ளிக்கொண்டிருக்கும். வருவோர் போவோரிடமெல்லாம் வாயைத் திறந்து ஆட்டிக் காட்டும். பார்த்து வியக்க வேண்டும். வியக்காத மாமாக்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

கதவில் நூல் கட்டி இழுக்கும் வீர விளையாட்டை அப்பாக்கள் கைவிடலாம். அடியிலிருந்து எழும்பி வரும் நிரந்தரப் பல், பால் பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. அந்த வேலை முடிந்தால் இட்லியைக் கடித்தாலே பல் கையோடு வந்துவிடும். வந்த பல்லில் வேரைக் காணாமல், “பாதி உள்ளயே முறிஞ்சு நிக்குதோ?” என்று யாராவது கிளப்புவார்கள். அவருக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வைக்கவும்.

இனி சடங்கு. அம்மாவைப் பெற்ற பாட்டி, “சாணியில பொதிஞ்சு ஓட்டு மேல எறி, திரும்பிப் பாக்காம வந்துரு” என்பார். அப்பாவைப் பெற்ற பாட்டி, “எறியறதாவது! செடி அடியில புதைக்கணும்” என்பார். எந்தப் பக்கமும் அவசரப்பட்டுச் சாய்ந்துவிடாதீர்கள். நாளைக்குப் பல் தெத்தாக முளைத்தால், அது யார் சொல்படி போட்ட பல் என்று விசாரணை வரும். மொத்தம் 20 பால் பற்கள் இருக்கின்றன. பாட்டிக்குப் பத்து என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

சாணி முறைக்குப் புதுச் சாணம் வேண்டும். இணையத்தில் வறட்டிதான் வருகிறது. அதை ஊறவைத்து உருட்டப் பார்த்தால் மிக்ஸி வரைக்கும் போக வேண்டியிருக்கும், அப்புறம் அந்த மிக்ஸியில் சட்னி அரைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். சென்னையில் மாட்டுக்கா பஞ்சம்? நடுரோட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அது ஒத்துழைக்கும் நேரமும் நம் அலுவலக நேரமும் ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான்.

கூரைதான் பெரிய சிக்கல். ஓட்டு வீட்டில் முற்றத்தில் நின்று அண்ணாந்து எறிந்தார்கள். நான்காம் மாடி பால்கனியில் நிற்பவருக்குக் கண்ணுக்கெட்டிய கூரைகளெல்லாம் காலுக்குக் கீழே. கார் நிறுத்தத்தின் தகரத்தில் எறிந்தால், அரை மணியில் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சாணி உருண்டையின் புகைப்படம் வரும். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியும் கூடவே வரும். மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் சாவி காவலாளியிடம். சாவி கிடைத்தாலும் மேலே இருப்பது தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எறியவும்.

ஜப்பானில் இதற்கொரு திசைக் கணக்கு உண்டு. கீழ்ப்பல் விழுந்தால் கூரைமேல் எறிவார்கள், மேல்பல் விழுந்தால் வீட்டுத் தரைக்கு அடியில் போடுவார்கள். எறிந்த திசையைப் பார்த்துப் புதுப் பல் நேராக வளருமாம். அழகான ஏற்பாடுதான். ஆனால் நமக்குத் தரைக்கு அடியில் இருப்பது மூன்றாம் மாடிக்காரரின் படுக்கையறை.

இலங்கையில் கூரைமேல் எறிந்துவிட்டு அணிலிடம் புதுப் பல் கேட்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள். அணில், எலி வகையறாவுக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். பல் கேட்க அதைவிடத் தகுந்த ஆள் இல்லை. ஸ்பெயினிலும் இந்த வேலை எலியிடம்தான். பல் விழுந்த குட்டி மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவுக்காக லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் 1894 வாக்கில் எழுதிய கதையில், பெரஸ் என்ற சுண்டெலி அரண்மனைக்கே வந்து போகிறது. இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் தலையணைக்கு அடியில் பல்லை வைத்தால், அந்தச் சுண்டெலி எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகும். நம் வீட்டு எலிகள் இதுவரை சோப்பைத்தான் எடுத்துப் போயிருக்கின்றன.

பல் விழுந்த பிள்ளை அதை விழுங்கிவிட்டால்? கவலை வேண்டாம், வழி தெரிந்து வெளியேறிவிடும். காத்திருந்து தேடி எடுக்கும் அளவுக்குச் சடங்கில் பற்று வேண்டியதில்லை. சாணிக்குள் ஒரு பச்சரிசியை வைத்து உருட்டி எறியுங்கள். அரிசிப் பல் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பாட்டிக்குக் கண்புரை இருந்தால் கூடுதல் வசதி.

விளையாட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதில் சொத்தை விழுந்தால், “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். அது முளைக்காது. அது நிரந்தரப் பல். இன்னொன்று: கிரிக்கெட் பந்து பட்டு நிரந்தர முன்பல் வேரோடு வந்துவிட்டால் கூரைப் பக்கமே போகாதீர்கள். வேரைத் தொடாமல், தேய்க்காமல், வெள்ளை நுனியைப் பிடித்து எடுத்து, ஆறிய பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள்; அரை மணிக்குள் போய்விட்டால் திரும்பப் பொருத்திவிடும் வாய்ப்பு அதிகம். பால் பல்லை அப்படித் திரும்பச் செருகக் கூடாது, கீழே இருக்கும் புதுப் பல்லைக் கெடுத்துவிடும்.

கடைசியாகப் பண விவகாரம். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரிக்கு இரவில் தேவதை வந்து நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போகிறாள். நம் பிள்ளைக்கு இதுவரை கிடைத்தது சாணி. இந்தச் செய்தி எப்படியும் ஒருநாள் வீட்டுக்கு வரும். “அவங்க வீட்டுல இங்கிலீஷ் தேவதைடா, நம்ம ஏரியா வேற” என்று பாட்டி சமாளித்துப் பார்ப்பார். ஆறு வயதில் எடுபடும். ஒன்பது வயதில் பிள்ளை ஒரு நோட்டுடன் வந்து உட்காரும். விழுந்தது பன்னிரண்டு, பல்லுக்கு நூறு, ஆக 1,200 ரூபாய் பாக்கி. அந்தப் பச்சரிசியையும் சேர்த்துத்தான் கணக்கு. பேரம் பேசலாம், ஆனால் வட்டி பற்றிய பாடம் பள்ளியில் நடக்குமுன் பேசி முடித்துவிடுங்கள்.